பல் பாலம்

விழுந்த பல்லின் இடத்தை, இருபுறமும் நிற்கும் பற்களில் ஊன்றி, கழற்ற முடியாதபடி நிரப்பும் அமைப்பு பல் பாலம் எனப்படும். திருகோணமலையின் சாம்பல்தீவு, உப்புவெளிப் பக்கத்தில் ஒருவர் பல் கட்டியிருக்கிறார் என்றால் பெரும்பாலும் அது கழற்றி மாட்டும் பல்லாகவே இருக்கும். பாலம் வாயிலேயே நிலைத்திருப்பது. இரவில் கழற்றித் தண்ணீரில் போடவேண்டியதில்லை. அண்ணத்தை மூடும் தட்டும் கிடையாது. ஆகையால் மீன் குழம்பின் சூடும் உறைப்பும் பழையபடி தெரியும். ஆனால் இந்த வசதிக்காகப் பக்கத்துப் பற்கள் சீவப்படுகின்றன. இல்லாத பல்லின் சுமையும் அவற்றின் மேல் ஏறுகிறது. அந்தப் பற்களை எப்படிக் காப்பது என்ற கேள்விதான் பாலத்தின் நீண்ட வரலாறு முழுவதும் ஓடிவருகிறது.

ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு இடத்தை வெறுமையாக விட்டால் அடுத்த பல் மெல்ல அந்தப் பக்கம் சாயும். எதிர்த் தாடைப் பல் கடிக்க ஒன்றும் இல்லாமல் நீண்டு இறங்கும். சாய்ந்த பல்லின் இடுக்கில் உணவு தங்கி, சூத்தை விழுந்து, முரசும் கரையும். ஒரு பல் போன வாயில் சில ஆண்டுகளில் மூன்று பல் போவது இப்படித்தான். பாலம் அழகுக்கானது என்ற எண்ணம் நம் மக்களிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. அது தவறு.

மிகப் பழைய பாலங்கள் இத்தாலியின் எத்துருஸ்கர் கல்லறைகளில் கிடைத்தவை. கி.மு. 7ஆம் நூற்றாண்டளவில் அவர்கள் மெல்லிய தங்கப் பட்டையை வளையங்களாக்கிப் பற்களைச் சுற்றி அணிவித்தார்கள். இழந்த பல்லின் இடத்தில் வேறொரு பல்லைச் செதுக்கிப் பொருத்தினார்கள். அணிந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இவற்றில் சில ஆடம்பரத்துக்காகவே அணியப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். லெபனானின் சிடோனில் தங்கக் கம்பியால் பின்னிக் கட்டிய பற்களுடன் தாடை எலும்பு கிடைத்திருக்கிறது. இறந்தவரோடு தங்கத்தைப் புதைக்கக் கூடாது என்று தடுத்த உரோமாபுரியின் பன்னிரு பலகைச் சட்டம், பல்லைக் கட்டிய தங்கத்துக்கு மட்டும் விலக்கு அளித்தது. சட்டம் எழுதுவோர் நினைத்துப் பார்க்கும் அளவுக்கு அந்த வழக்கம் பரவியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்தப் பழைய கைவேலைகளில் எதுவும் பக்கத்துப் பல்லைச் சீவவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பிரான்சின் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில் பல் வேரில் ஊசி செருகிப் புதுப் பல் நிறுத்தும் முறையை விரிவாக எழுதினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பீங்கான் பற்கள் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கடினமாக்கிய ரப்பரால் தட்டுகள் செய்யப்பட்டன. ரப்பர் தட்டு மலிவு, செய்வதும் எளிது. அதனால் சாதாரண மக்களின் வாய்க்கு முதலில் வந்து சேர்ந்தது கழற்றும் பல்லே. ஹெனரத்கொடைத் தோட்டத்தில் 1876இல் நட்ட கன்றுகளிலிருந்து இலங்கை ரப்பர் நாடாக வளர்ந்தபோது, உலகத்தின் பொய்ப்பல் தட்டுகளும் ரப்பரையே நம்பியிருந்தன. 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்து அதை ஒதுக்கியது.

பாலத்தைத் துல்லியமான வேலையாக்கியது மெழுகு வார்ப்பு. சிகாகோவின் வில்லியம் டாகர்ட் 1907இல் அதை நியூயோர்க் பல் வைத்தியர்களுக்கு விளக்கினார். அயோவாவின் ஃபில்புரூக் பத்து ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியும் யாரும் கவனிக்கவில்லை. சீவிய பல்லின் வடிவத்தை மெழுகில் செய்து, அதைச் சாந்தில் பொதிந்து, சூடேற்றி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய தங்கத்தைச் செலுத்துவதே முறை. திருகோணமலைக்காரருக்கு இது புதிய செய்தியாக இருக்க முடியாது. போர்த்துக்கீசர் இடித்த கோணேசர் கோவிலின் வெண்கலத் திருமேனிகள், கிணறு தோண்டும்போது 1950இல் நகருக்குள்ளேயே மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டன. சோழர் காலச் சிற்பிகள் அத்தகைய படிமங்களை வார்த்ததும் மெழுகை உருக்கியே. ஆனால் பல் வேலையில் ஒரு சிக்கல் கூடுதலாக இருந்தது. தங்கம் உறையும்போது ஏறத்தாழ ஒன்றரை வீதம் சுருங்கும். படிமத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. பல்லின் மேல் அமரவேண்டிய உறையிலோ விளிம்பு பொருந்தாமல் போகும். சூட்டில் அதே அளவு விரியும் சாந்தைக் கண்டுபிடித்த பிறகே வார்ப்பு பாலத்துக்கு ஏற்றதாயிற்று.

அந்தப் பொருந்தாத விளிம்புகள் பெரும் கேட்டை விளைவித்தன. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1910இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், சீழ்பிடித்த வேர்களின் மேல் பளபளக்கும் தங்கத்தைப் பூட்டி மறைக்கிறார்கள் என்று பல் வைத்தியர்களைக் கடுமையாகச் சாடினார். சாடலில் உண்மை இருந்தது. அடியில் இருந்த பல்லைச் சுத்தம் செய்யவே முடியாத பாலங்கள் அன்று ஏராளம். ஆனால் விளைவு கொடியது. வாய்ச் சீழே உடலின் பல நோய்களுக்கு வேர் என்ற நம்பிக்கை பரவி, இரண்டு மூன்று பத்தாண்டுகள் மேலை நாடுகளில் நல்ல பற்களும் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கப்பட்டன. வேலையைத் திருத்துவதற்குப் பதிலாகப் பல்லையே குற்றவாளியாக்கிய காலம் அது. அதற்குப் பிந்திய ஒழுங்குகளில் நிலைத்தது கனேடியரான இர்வின் ஆன்டே 1926இல் கூறியது: தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு, இழந்த பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையாமல் இருக்கவேண்டும். பின்வந்த ஆய்வுகள் அதைத் தளர்த்தினாலும், தாங்கும் பல்லின் வலிமையைக் கணக்கிடாமல் பாலம் கட்டாதே என்ற எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

தெற்காசியாவில் செயற்கைப் பல் வேலையைத் தெருவோரக் கடைகளுக்குக் கொண்டுவந்தவர்களில் சீனர் முக்கியமானவர்கள். ஹுபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் கல்கத்தாவில் பல் வைத்தியத்தைக் குலத்தொழில் போலச் செய்தன. பர்மாவிலிருந்து போருக்குத் தப்பி வந்த சிலர் சென்னையில் நிலைத்தனர். இலங்கையிலும், சைக்கிளில் துணி விற்ற ஷாண்டோங் சீனரோடு, பல் கட்டும் சீனர் பல நகரங்களில் குடியேறினர். தந்தையிடம் மகன் கற்ற தொழில் அது. பட்டமில்லாதவர்கள் என்று பதிவுச் சட்டங்கள் அவர்களை ஓரம் தள்ளின. இலங்கையில் 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டம் பல் வைத்தியர் பதிவையும் தன்னுள் கொண்டது, இந்தியாவில் 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. சட்டத்தின் நியாயம் மறுக்க முடியாதது. ஆயினும் பட்டம் பெற்ற பல் வைத்தியர் மிகச் சிலராயிருந்த காலத்தில் எளிய மக்களுக்குப் பல் கட்டிக் கொடுத்த கைகளை வரலாற்றில் பதியாமல் விடுவது நன்றியாகாது.

பட்டம் தரும் கல்வி இலங்கையில் 1943இல் கொழும்பில் தொடங்கி, 1950களில் பேராதனைக்கு மாறியது. நீண்ட காலம் நாட்டின் ஒரே பல் மருத்துவ பீடம் அதுவே. அதன் இன்றைய போதனா வைத்தியசாலை யப்பானின் உதவியால் எழுந்தது. 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் பாடசாலைப் பல் சிகிச்சையாளர் பயிற்சியும் தொடங்கியது. பிள்ளைகளின் பல்லைப் பாடசாலையிலேயே பார்க்கும் இந்த ஏற்பாடு, எத்தனையோ வாய்களுக்குப் பாலம் தேவைப்படாமலே செய்திருக்கிறது. அதன் அருமை போதிய அளவு பேசப்படவில்லை.

ஆனால் அரச வைத்தியசாலையின் பல் பிரிவில் காசில்லாமல் கிடைப்பது பெரும்பாலும் பிடுங்குதலும் அடைத்தலும். பாலத்துக்கு அச்சு எடுக்கும் வைத்தியரோடு, வார்க்கவும் பீங்கான் சுடவும் தெரிந்த தொழில்நுட்பவியலாளரும் வேண்டும். சாம்பல்தீவிலிருந்து பேராதனை 180 கிலோமீற்றருக்கு மேல். மீன்பிடியும் தோட்டமும் செய்து வாழ்பவர், அச்சுக்கு ஒருமுறை, பொருத்த ஒருமுறை, சரிபார்க்க ஒருமுறை என்று பல நாள் உழைப்பை விட்டுப் போகவேண்டும். உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் அந்தப் பயணமே துணிச்சலாக இருந்தது. தனியார் இடத்தில் செய்தாலோ, ஒரு பல்லுக்காக மூன்று பல்லின் செலவு. ஆகவே பலர் இடைவெளியோடு வாழ்ந்தார்கள், அல்லது கழற்றும் பல்லை மாட்டினார்கள். வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த பழக்கம் முரசைக் கெடுத்து, தாங்கக்கூடிய பற்களையும் பலரிடமிருந்து பறித்தது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதற்கும் அதே பழக்கம் முக்கிய காரணம். வெற்றிலை போடுபவருக்குப் பாலம் கட்டும் முன் வாயின் உட்புறத்தைப் பார்ப்பது அதனால் கட்டாயம்.

நிறத்தில் இயற்கைப் பல்லை ஒத்த பாலம் 1960களில் பரவியது. உலோகமும் பீங்கானும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிவதால் முன்பு பீங்கான் வெடித்து உதிரும். இரண்டின் விரிவையும் இணக்கிய கலவைக்கு 1962இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. பிறகு கணினியால் குடையும் சிர்க்கோனியா வந்தது. தொகுத்த ஆய்வுகளின்படி, முறையாகக் கட்டிய பாலங்களில் பத்துக்கு ஒன்பது அளவு பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் வாயில் இருக்கின்றன. இழப்பவற்றில் பல, தாங்கும் பல்லில் விளிம்போரம் சூத்தை விழுவதால் போகின்றன. பாலத்தின் அடியால் நூல் கோத்துத் துப்புரவு செய்ய நோயாளிக்குக் கற்றுக்கொடுக்காத வேலை பாதி வேலைதான்.

பல்லைச் சீவும் கேள்விக்கு நல்ல விடை பசையிலிருந்து கிடைத்தது. 1955இல் மைக்கேல் புவோனகோர் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ரெசினை ஒட்டவைத்தார். அந்த வழியில் 1973இல் பிரான்சின் ரொஷெட்டும், 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தாரும், பக்கத்துப் பல்லின் உட்புறத்தில் மெல்லிய சிறகை ஒட்டும் பாலத்தை உருவாக்கினர். ஜெர்மனியின் கீல் நகரில் மத்தியாஸ் கெர்ன் 1990களிலிருந்து ஒரே பக்கச் சிறகு போதும், முன்பற்களில் அதுவே நன்றாக நிலைக்கிறது என்று நிறுவிவந்தார். எலும்பில் டைட்டேனியம் திருகை ஊன்றும் முறை, சுவீடனின் பிரோனெமார்க் 1965இல் முதல் நோயாளிக்குச் செய்ததிலிருந்து வளர்ந்து, பக்கத்துப் பற்களை முற்றாக விடுவித்தது. ஆனால் அதற்கு அறுவைச் சிகிச்சையும் பெரும் பணமும் வேண்டும். விபத்தில் ஒரு முன்பல்லை இழந்த இளவயதினருக்கு, பக்கத்துப் பல் நலமாக இருந்தால், ஒற்றைச் சிறகுப் பாலமே இன்று முதலில் எண்ணிப்பார்க்கத்தக்கது. அதில் பல் சீவுதல் மிகக் குறைவு, பெரும்பாலும் விறைப்பு ஊசியும் வேண்டாம், இரண்டு வருகையில் வேலை முடியும். கழன்றாலும் மறுபடி ஒட்டலாம். தாங்கிய பல்லுக்குச் சேதமில்லை.