குழிப்பாறைகளும் ஒரு மாணவியின் கேள்வியும்



சென்ற ஆண்டு நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடநூலில் இல்லாத ஒன்றைக் காட்டினால் ஆர்வம் கூடுமே என்றெண்ணி, இங்கிலாந்து நாட்டுப் பாறை ஒன்றின் படத்தைத் திரையில் காட்டினேன். சாம்பல்நிறப் பாறை, அதன்மேல் கிண்ணம் போன்ற சிறு சிறு குழிகள், பல குழிகளைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள்.

“பல்லாங்குழி ஐயா!” என்றான் முன்வரிசை மாணவன். “இல்லை, சொங்காக்!” என்றான் மற்றொருவன். வகுப்பே கலகலத்தது. அந்த உற்சாகத்தில் நானும், “யார் கண்டது? நம் முன்னோர் அங்கேயும் சென்று விளையாடியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் மகிழ்ந்தனர். ஒரு மாணவி மட்டும் கையை உயர்த்தி, “அது எப்படித் தெரியும் ஐயா?” என்று கேட்டாள்.

என்னிடம் விடை இல்லை. “அடுத்த வாரம் சொல்கிறேன், அம்மா” என்று கூறி அமரச் செய்தேன். அந்த ஒரு வாரத்தில் நான் தேடிப் படித்தவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

பாறைகள் இருக்குமிடம்

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்தை ஒட்டி அமைந்துள்ள மாவட்டம் நார்தம்பர்லாந்து. ஆடுகள் மேயும் மேட்டு நிலங்களும் புதர்க்காடுகளும் நிறைந்த நாட்டுப்புறம். அங்கே மணற்பாறைகள் ஆங்காங்கே தரைக்கு மேல் தலைநீட்டிக் கொண்டிருக்கின்றன. அவற்றுள் குழிகளும் வளையங்களும் செதுக்கப்பட்ட பாறைகள் ஆயிரத்துக்கும் மேல் பதிவாகியுள்ளன. நான் காட்டிய படத்திலிருந்தது ரவுட்டிங் லின் என்னுமிடத்துப் பாறை. ஏறத்தாழ 20 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட அதுவே இங்கிலாந்தில் இவ்வகையில் மிகப் பெரியது. அருகில் ஓர் அருவி விழுகிறது.

ஓல்ட் பியூயிக் என்னும் ஊரின் செதுக்குகளை 1820களில் ஜோன் சார்ல்ஸ் லாங்லண்ட்ஸ் என்பவர் கவனித்தார். 1852இல் வில்லியம் கிரீன்வெல் என்னும் பாதிரியார் ரவுட்டிங் லின் பாறையைக் கண்டறிந்தார். ஜோர்ஜ் டேட் என்பவர் 1865இல் இப்பாறைகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அதற்கு முன்னர் எத்தனை தலைமுறை மேய்ப்பர்கள் அவற்றின்மீது அமர்ந்து இளைப்பாறியிருப்பார்களோ! ரவுட்டிங் லின் பாறையின் ஒரு பகுதியைக் கட்டடக் கல்லுக்காக வெட்டியெடுத்தும் விட்டனர். அதில் என்ன செதுக்கியிருந்தது என்பதை இனி எவராலும் அறிய முடியாது.

உறுதியாகத் தெரிந்தவை

குழிகள் இயற்கையாக உண்டானவை அல்ல. கடினமான கல்லொன்றால் கொத்திக் கொத்தி உருவாக்கப்பட்டவை. நன்கு காக்கப்பட்ட பாறைகளில் ஒவ்வொரு கொத்தின் தடமும் இன்றும் தெரிகிறது. இவை புதிய கற்காலத்திலும் வெண்கலக் காலத் தொடக்கத்திலும் வாழ்ந்த மக்களின் கைவேலை. சில இடங்களில், செதுக்கிய பாறையின் மேலேயே வெண்கலக் காலத்துக் கற்குவைகள் எழுப்பப்பட்டிருக்கின்றன. குவை மேலே இருப்பதால் அடியிலுள்ள செதுக்கு அதற்கு முந்தியது என்பது தெளிவு. அடுக்கி வைத்த புத்தகங்களில் அடியிலிருப்பது முதலில் வைக்கப்பட்டது என்று குழந்தைகளுக்கு இதனை எளிதில் விளக்கலாம்.

இடத்தேர்விலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பள்ளத்தாக்கை நோக்கிய மேட்டுப் பகுதிகளில் இப்பாறைகள் மிகுதியாக உள்ளன. மக்களும் கால்நடைகளும் சென்ற வழிகளோடும் தொலைவைப் பார்க்க ஏற்ற இடங்களோடும் இவற்றுக்குத் தொடர்பு இருக்கலாம் என்று தொல்லியல் அறிஞர் ரிச்சர்ட் பிராட்லி 1997இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துரைத்தார்.

பொருள்தான் என்ன?

ரொனால்ட் மோரிஸ் என்னும் ஆய்வாளர், இக்குழிகளுக்குக் கூறப்பட்ட விளக்கங்களைத் திரட்டி 1979இல் பட்டியலிட்டார். மொத்தம் 104 விளக்கங்கள்! விண்மீன் வரைபடம், வழிகாட்டிக் குறி, எல்லைக் குறி, வழிபாட்டுக் கிண்ணம், விளையாட்டுப் பலகை எனப் பட்டியல் நீள்கிறது. எந்தவொன்றும் உறுதியாக நிறுவப்படவில்லை. செதுக்கியவர்கள் எழுத்து எதையும் விட்டுச் செல்லவில்லையே.

அப்படியானால் நம் பல்லாங்குழி? பல்லாங்குழிக்குப் பக்கத்துக்கு ஏழாக இரண்டு வரிசைக் குழிகள் வேண்டும். நார்தம்பர்லாந்தின் குழிகளோ ஒழுங்கான வரிசையின்றிச் சிதறிக் கிடக்கின்றன. பல, சரிவான பரப்பில் உள்ளன. மார்விக் என்னுமிடத்தில் ஆற்றங்கரைச் செங்குத்துப் பாறையிலேயே சுருள்களைச் செதுக்கியுள்ளனர். அங்கே சோழியை வைத்தால் ஆற்றில்தான் விழும்.

“இந்தியாவிலும் இத்தகைய குழிகள் உண்டே, அது தொடர்புக்குச் சான்றாகாதா?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 1877இல் ரிவெட்-கார்னாக் என்னும் ஆங்கிலேய அதிகாரி, இமயமலையின் குமாவோன் பகுதியில் துவாராகாட் அருகே குழிகள் நிறைந்த பாறையைக் கண்டு, அவை பிரித்தானியக் குழிகளை ஒத்திருப்பதாக எழுதினார். ஆனால், கல்லைக் கல்லால் கொத்தினால் எந்த நாட்டிலும் வட்டக் குழிதான் விழும். ஒத்த உருவம் மட்டுமே உறவுக்குச் சான்றாகிவிடாது. நம் பெருமையைப் பேச, கல்வெட்டுச் சான்றோடு கூடிய கடாரம் இங்கேயே இருக்கிறது. சான்றில்லாத பெருமையைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றினால், பின்னாளில் அவர்கள் சான்றுள்ள பெருமையையும் சேர்த்தே ஐயுறுவார்கள்.

ஓர் ஆசிரியரின் உழைப்பு

என்னை மிகவும் நெகிழச் செய்தது வேறொரு செய்தி. இப்பாறைகளை முறையாகப் பதிவு செய்தவர்களுள் முதன்மையானவர் ஸ்டான் பெக்கென்சால். அவர் ஒரு பள்ளி ஆசிரியர்! 1960களில் தொடங்கிப் பல்லாண்டுகள் மேடுகளில் நடந்து நடந்து தேடினார். பாறையின்மீது தாளை விரித்துத் தேய்த்துப் படியெடுத்தார், வரைந்தார், ஒளிப்படம் எடுத்தார். தம் சேகரிப்பை நியூகாசல் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். 2005இல் அது எவரும் பார்க்கும் வண்ணம் இணையத்தில் வெளியானது. அவர் தொடங்கிய பணியைப் பின்னர் நார்தம்பர்லாந்து, டர்ஹாம் மாவட்டங்களின் பொதுமக்களே தன்னார்வலர்களாக இணைந்து 2004 முதல் 2008 வரை விரிவுபடுத்தினர். பொருள் தெரியாத ஒன்றுக்கு ஏன் இத்தனை பாடு? மழையும் பாசியும் கால்நடைகளின் குளம்பும் பாறையைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. நாளை வருபவன் புரிந்துகொள்ள வேண்டுமானால், இன்று இருப்பவன் பதிந்து வைக்க வேண்டும்.

மீண்டும் வகுப்பறையில்

அடுத்த வாரம் முதல் வேலையாக, “நான் அன்று சொன்னது தவறு” என்று மாணவர்களிடம் கூறினேன். பிறகு வெண்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ‘கண்டவை’ என்றும் மறுபக்கம் ‘கருதுபவை’ என்றும் எழுதினேன். மாணவர்களே ஒவ்வொன்றாகச் சொல்லி நிரப்பினர். ‘பல்லாங்குழி’ இரண்டாம் பக்கத்தில் இடம்பெற்றது. சரிவான பாறையின் படத்தைக் காட்டியதும், அதை முதலில் சொன்ன மாணவனே எழுந்து வந்து அழித்தான். கேள்வி கேட்ட மாணவி பலகையின் அடியில், “ஏன் செதுக்கினார்கள் என்பது இன்னும் தெரியவில்லை” என்று எழுதினாள். நான் அதைத் திருத்தவில்லை.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று இருபது ஆண்டுகளாக நினைத்திருந்தேன். அன்று அவ்வாறு குறையவில்லை. அதன் பின்னர் மாணவர்கள் முன்னைவிடக் கூடுதலாகக் கேட்கின்றனர்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டில் “எப்படித் தெரியும்?” என்று கேட்டால், எதிர்த்துப் பேசுவதாக எண்ணி அடக்கிவிடாதீர்கள். “வா, சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லிப் பாருங்கள்.