வில் வண்டியும் ஜாக்கியும்: ஏற்காட்டு மலைப்பாதை சொல்லும் கதை

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் முதலில் எண்ணுவது கொண்டை ஊசி வளைவுகளைத்தான். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், மொத்தம் 20 வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம்கூட இல்லாத ஊரில் கிளம்பிய வண்டி 1,500 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. ஏறும்போது இன்ஜின் முனகுவது எல்லோருக்கும் கேட்கும். சத்தம் போடாமல் அடி வாங்கிக்கொண்டிருப்பது வண்டிக்குக் கீழே இருக்கும் சஸ்பென்ஷன். ஒவ்வொரு வளைவிலும் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்குகிறது, மறுபக்கத்து ஸ்பிரிங் நீள்கிறது. அடுத்த வளைவில் இது அப்படியே மாறிவிடும். இறங்கும்போது பிரேக்கை மிதிக்க மிதிக்க முன்பக்கம் முழுவதும் தலைகுனிந்துகொண்டே வரும்.

அதனால் மலையில் ஓடும் வண்டிகளில் பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் அடிக்கடி கைவைக்க வேண்டிய சாமான்கள். கைவைக்க வேண்டுமென்றால் வண்டியைத் தூக்க வேண்டும். தூக்கினால் மட்டும் போதாது, தூக்கிய வண்டி அப்படியே நிற்கவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே வேலை என்று நினைத்தவர்கள்தான் காருக்கு அடியில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை என்பது கார் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் ஊர் வண்டிக்காரர்களுக்குத் தெரியும் என்பதுதான் வேடிக்கை.

மாட்டு வண்டியின் அச்சுக்கு மை போட வேண்டுமென்றால் கடையாணியைப் பிடுங்கி சக்கரத்தை வெளியே இழுக்க வேண்டும். அதற்கு அச்சைத் தூக்க வேண்டும். நீளமான கட்டை ஒன்றை நெம்புகோலாக வைத்து ஒருவர் நெம்புவார். நெம்பியதும் இன்னொருவர் அச்சுக்கு அடியில் முட்டுக் கொடுப்பார். அதன்பிறகு நெம்புகோலை எடுத்துவிடலாம். பாரம் முட்டின்மேல் இருக்கும். நெம்பிப் பிடித்துக்கொண்டே இருக்க யாருக்கும் தோன்றாது, கை வலிக்குமே! தூக்குவது நெம்புகோல், தாங்குவது முட்டு. ஜாக்கி வந்த பிறகுதான் இந்தப் பாடம் மறந்துபோனது. ஜாக்கிக்குக் கை வலிக்காது அல்லவா?

முட்டுக்கட்டை போடுவது என்றால் இன்று காரியத்தைத் தடுப்பது என்று பொருள். ஆனால் அது உண்மையான ஒரு மரக்கட்டையின் பெயர். கோயில் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துத்தான் தேரை நிறுத்துவார்கள், திருப்புவார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குப் பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனத்தின் உதவியால் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. அப்படியும் முட்டுக்கட்டைக்கு வேலை போகவில்லை. வீதி திரும்பும் இடத்தில் இன்றும் கட்டைதான் தேருக்கு வழி காட்டுகிறது.

முட்டு இப்படி என்றால் ஸ்பிரிங்குக்கும் நம்மிடம் பழைய பெயர் உண்டு. வசதியானவர்கள் ஏறிப்போன வண்டியை வில் வண்டி என்றார்கள். இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வில்போல வளைத்து, அச்சுக்கும் வண்டிக் கூட்டுக்கும் நடுவில் வைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் ஒபதியா எலியட் என்பவர் 1804ல் இரண்டு வில்களை எதிரெதிராகச் சேர்த்த நீள்வட்ட ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பிறகு குதிரை வண்டிகளின் உருவமே மாறியது. காரும் லாரியும் வந்தபோது அதே பட்டைகளைத்தான் எடுத்துக்கொண்டன. நம் ஊர் பட்டறைகளில் அதற்குக் கமான் பட்டை என்று பெயர். கமான் என்றாலும் வில்தான், பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல். ஆக, வில் வண்டியும் லாரியும் பெயரளவில்கூட உறவுக்காரர்கள்.

ஜாக்கியின் கதை தனி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த வில்லார் த ஒன்னகூர் வரைந்துவைத்த ஏட்டிலேயே திருகால் பாரம் தூக்கும் கருவி ஒன்றின் படம் இருக்கிறது. திருகு ஜாக்கியில் ஒரு நல்ல குணம் உண்டு. மரையில் இருக்கும் உராய்வினால், கையை எடுத்தாலும் அது தானாகப் பின்னால் சுழன்று இறங்காது. ஆனால் மெதுவானது, கை ஒடிந்துவிடும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் திரவத்தின் பலம். 1795ல் ஜோசப் பிராமா லண்டனில் ஹைட்ராலிக் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய குழாயில் கொஞ்சம் பலம் கொடுத்தால் பெரிய குழாயில் பல மடங்காக வரும் என்ற பாஸ்கலின் விதிதான் அடிப்படை. தத்துவம் சரி, ஆனால் இயந்திரம் ஒழுகியது. அழுத்தம் ஏற ஏற, தண்டுக்கும் குழாய்க்கும் இடையில் தண்ணீர் பீறிட்டது. அழுத்தம் கூடக் கூடத் தானே இறுகிக்கொள்ளும் ஒரு தோல் வளையம் வைத்த பிறகுதான் அது வேலைக்கு ஆனது. அந்த யோசனை பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயுடையது என்பார்கள். 1851ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார்.

தோல் போய் ரப்பர் வந்துவிட்டது. மற்றபடி இன்று கடையில் வாங்கும் பாட்டில் ஜாக்கியும் டிராலி ஜாக்கியும் அதே கருவிதான். ஒரு டன் காரைத் தூக்கி நிறுத்தியிருப்பது ஒரு சின்ன வளையமும் ஒரு சின்ன வால்வும். வளையத்தில் கீறல் விழுந்தாலோ, வால்வில் ஒரு மணல் மாட்டினாலோ எண்ணெய் திரும்பிவிடும், வண்டி இறங்கிவிடும். சில நேரம் கண்ணுக்குத் தெரியாமல் மெதுவாக இறங்கும், சில நேரம் ஒரே அடியாக! ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தூக்கியவுடன் வேறு தாங்கியின்மேல் பாரத்தை இறக்கிவிட வேண்டும் என்று அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தரநிலை சொல்கிறது. வண்டிக்காரரின் முட்டு அங்கே விதியாக எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் மோட்டார் வண்டி ஊருக்கு ஊர் போகத் தொடங்கியது 1910களில். மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்டார். 1920ல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். அன்றைய ரோடுகளில் மாட்டு லாடத்தின் ஆணிகள் கிடக்கும், டயர் பஞ்சர் ஆவது சாதாரணம். ஜாக்கி வண்டியோடு கூடவே வரும் சாமானாக ஆனது இந்தப் பஞ்சருக்காகத்தான். இன்றும் டிக்கியில் கிடக்கும் ஜாக்கி அதே ஒரு காரியத்துக்காகச் செய்யப்பட்டது. சக்கரத்தைக் கழற்றி மாட்டப் பத்து நிமிடம், அந்த நேரத்தில் யாரும் அடியில் நுழையப் போவதில்லை. மாருதி 800ல் வந்த கத்தரி ஜாக்கியும் அப்படித்தான்.

சஸ்பென்ஷன் வேலை அப்படியல்ல. மணிக்கணக்கில் ஆகும். தலையும் கையும் அடியில் இருக்கும். துருப்பிடித்த போல்ட்டை இழுத்து, தட்டி, நெம்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் வண்டி ஆடும். இன்னொரு சிக்கலும் உண்டு, பலர் இதை யோசிப்பதில்லை. டயர் மாற்ற அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்தால் போதும். கமான் பட்டையைக் கழற்றும்போது அந்த அச்சே வண்டியிலிருந்து விடுபடப் போகிறதே! அதன்மேல் வண்டியை நிறுத்த முடியுமா? எனவே முட்டு போக வேண்டிய இடம் சேஸிஸ். அச்சுக்கு அடியில் வைக்கும் ஜாக்கி அச்சை ஏற்றி இறக்க மட்டும்தான்.

மலைக்கு ஏறிய வண்டிகளைப் பார்த்தால் இந்த வேலை எப்படி மாறியது என்று புரியும். 1940களின் இறுதியில் மகிந்திரா பூட்டத் தொடங்கிய ஜீப்புக்கு நாலு மூலையிலும் கமான் பட்டை. தோட்டத்துப் பாதைக்கு ஏற்ற வண்டி, உறுதியான சேஸிஸ், முட்டு வைக்க இடம் தேட வேண்டியதில்லை. 1957 முதல் 2014 வரை வந்த அம்பாசடரில் பின்னால் பட்டை, முன்னால் முறுக்குத் தண்டு. ஃபியட்டில் பின்னால் பட்டை, முன்னால் சுருள் ஸ்பிரிங். 1983ல் வந்த மாருதி 800ன் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண் அது, அமெரிக்கரான ஏர்ல் மெக்ஃபெர்சனின் யோசனை. மாருதிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, தகட்டு உடல்தான். முட்டைக் கண்ட இடத்தில் வைத்தால் தகடு நசுங்கிவிடும், கம்பெனி குறித்த கெட்டியான இடங்களில்தான் வைக்க வேண்டும். ஸ்ட்ரட்டைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. உள்ளே ஸ்பிரிங் அமுங்கியபடியே இருக்கிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் குண்டு வெடித்த மாதிரிதான்.

இதையெல்லாம் சமதரையில் செய்வதே சிரமம். ஏற்காட்டில் சமதரை எங்கே? 12 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில் நிற்கும் 1,200 கிலோ வண்டியைச் சுமார் 100 கிலோ பாரம் எப்போதும் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதே என்றால், பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிய நொடியில் அந்தப் பிடி அந்தரத்தில் தொங்கும். கியரில் போட்டு வைத்தாலும், அந்தக் கியர் ஓட்டும் சக்கரங்களில் ஒன்று தரையில் இல்லாதபோது டிஃபரன்ஷியல் அதை எதிர்த்திசையில் சுழல விட்டுவிடும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும். மிஞ்சுவது தரையைத் தொடும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைத்த கட்டைகள் மட்டும். மழைக்காலத்தில் மலை மண் வேறு இளகிப்போய், முட்டின் கால் உள்ளே இறங்கிவிடும். கெட்டியான பலகையை அடியில் போட வேண்டியதும், செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் முட்டாக வைக்கவே கூடாததும் இதனால்தான். செங்கல் முன்கூட்டிச் சொல்லிவிட்டு உடைவதில்லை.

கடையில் வாங்கும் இரும்பு ஸ்டாண்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 2020ல் அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் சுமார் 17 லட்சம் ஜாக்கி ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பல் சரியாகப் பதியாமல் வண்டி சட்டென்று கீழே இறங்கக்கூடும் என்பது காரணம். பதிலுக்குக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவற்றிலும் வெல்டிங் கோளாறு இருந்து, அவற்றையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று! அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கழற்றிய சக்கரத்தைத் தூரமாக உருட்டிவிடாமல் வண்டிக்கு அடியிலேயே படுக்க வைப்பது இந்த மாதிரி நாளுக்காகத்தான். முட்டே விழுந்தாலும் சக்கரத்தின் உயரத்துக்கு இடம் மிச்சமிருக்கும். அடியில் நுழைவதற்கு முன் வண்டியைப் பக்கவாட்டில் பலமாக ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பதும் அவர்கள் வழக்கம். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும்.

சமதரைக்கு மட்டும் சேர்வராயன் மலையில் ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார். காப்பி இருக்கும் இடத்தில் பழம் காயவைக்கக் களம் வேண்டும். சரிவைச் செதுக்கிச் சமப்படுத்தி, சிமெண்டு போட்ட களம். மலையில் இத்தனை அகலமாக, கெட்டியாக, மட்டமாக இருக்கும் தரை வேறு சுலபத்தில் கிடைக்காது. ஜீப்பின் பட்டையைக் கழற்ற இதைவிட நல்ல இடம் ஏது? அறுவடை தொடங்கும் நவம்பர் வரை களம் காலியாகத்தான் இருக்கும்.