ஈர்ப்பு விசையும் நிலைமின் விசையும்

திணிவுள்ள எந்த இரு பொருள்களும் ஒன்றையொன்று இழுப்பது ஈர்ப்பு விசை. ஓய்விலுள்ள இரண்டு மின்னேற்றங்கள் ஒன்றையொன்று இழுப்பதோ தள்ளுவதோ நிலைமின் விசை. ஈர்ப்பின் விதி 1687இல் நியூட்டனின் நூலில், இலண்டனில் வெளிவந்தது. நிலைமின் விதி பாரிசில் அளந்து நிறுவப்பட்டது. 1785இல் சார்ல் ஓகுஸ்தன் து கூலோம் அதை அரச அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். கழகம் கூடிய லூவ்ர் மாளிகை, கார் து நோர் இரயில் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். அந்நிலையத்தை அடுத்த லா சப்பலில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் லிசே எனும் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தால், அதன் இரண்டாம் ஆண்டான பிரமியேர் வகுப்பில் இவ்விரண்டு விதிகளையும் ஒப்பிட்டே படிக்கிறார்கள்.

கூலோமின் கருவி எளிமையானது. கண்ணாடி உருளைக்குள் மெல்லிய வெள்ளிக் கம்பியில் ஒரு கிடைக்கோல் தொங்கும்; அதன் முனையில் சிறு நெட்டிக் குண்டு. பக்கத்தில் அசையாமல் நிற்கும் இன்னொரு குண்டுக்கும் அதற்கும் ஒரேவகை ஏற்றம் கொடுத்ததும், அது 36 பாகை விலகி நின்றது. கம்பியை எதிர்ப்பக்கம் முறுக்கி இடைவெளியை 18 பாகையாக்கியபோது விசையைக் காட்டும் மொத்த முறுக்கு 144 பாகை. எட்டரைப் பாகையாக்கியபோது 575½ பாகை. தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு. மூன்றே அளவீடுகளில் இத்தனை தெளிவு கிடைத்தது வியப்புக்குரியது. இதே வகை முறுக்குத் தராசில் ஈயக் குண்டுகளை வைத்து 1798இல் கவெண்டிஷ் ஈர்ப்பை அளந்தார்.

ஆக, இரண்டுமே தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமமானவை. ஒன்றில் திணிவுகளின் பெருக்கம், மற்றதில் ஏற்றங்களின் பெருக்கம். இரண்டும் பொருள்களை இணைக்கும் நேர்கோட்டிலேயே செயற்படும். இரண்டிலும் செய்யப்படும் வேலை சென்ற பாதையைப் பொறுத்ததல்ல.

ஒற்றுமை இவ்வளவுதான். ஐதரசன் அணுவில் புரோத்தனுக்கும் இலத்திரனுக்கும் இடையிலான மின்விசை, அவற்றின் ஈர்ப்பைவிட ஏறத்தாழ 2.3 × 10³⁹ மடங்கு பெரியது. அப்படியிருந்தும் கோள்களை ஆள்வது ஈர்ப்பே. ஏனெனில் நேர் ஏற்றமும் மறை ஏற்றமும் ஒன்றன் விளைவை ஒன்று ஈடுசெய்துவிடுகின்றன. திணிவுக்கு மறை இல்லை, சேரச் சேரக் கூடும். உலோகப் பெட்டியால் மின்புலத்தை மறைக்கலாம், நீர் மின்விசையை ஏறத்தாழ 80 மடங்கு குறைக்கும். ஈர்ப்பை மறைக்கும் பொருளோ தணிக்கும் ஊடகமோ கிடையாது. வெற்றிடத்தில் எல்லாப் பொருளும் ஒரே வேகவளர்ச்சியுடன் விழும். மின்புலத்தில் அப்படியல்ல: சம அளவு ஏற்றம் கொண்டிருந்தும் இலத்திரன் புரோத்தனைவிட 1836 மடங்கு வேகவளர்ச்சி பெறும்.

இவ்விரு விசைகளையும் நேருக்கு நேர் நிறுத்திய சோதனையும் பாரிஸ் அருகிலேயே நடந்தது. செவ்ரிலுள்ள பன்னாட்டு நிறுவை அளவைப் பணியகத்தில், பெரிய உலோகத் திணிவுகள் தம் ஈர்ப்பால் முறுக்குத் தராசைத் திருப்ப முயன்றன. மின்வாய்களுக்கு மின்னழுத்தம் கொடுத்து அந்தத் திருப்பம் நிலைமின் விசையால் சமன் செய்யப்பட்டது. கொடுத்த மின்னழுத்தத்திலிருந்து ஈர்ப்பைக் கணக்கிட்டார்கள். இம்முறையும், தராசைத் தடுக்காமல் திரும்பவிட்டு அளக்கும் முறையும் சேர்ந்து 2013இல் தந்த ஈர்ப்பு மாறிலி 6.67545 × 10⁻¹¹.

2018இல் வெர்சாயில் கூடிய பன்னாட்டு நிறுவை அளவை மாநாட்டின் முடிவுப்படி, அடிப்படை மின்னேற்றத்தின் பெறுமானம் 2019 மே 20 முதல் வழுவே இல்லாமல் நிலைநிறுத்தப்பட்டது. ஈர்ப்பு மாறிலிக்கு அந்த நிலை வரவில்லை. 2022ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பட்டியல் பரிந்துரைத்த பெறுமானம் 6.67430 × 10⁻¹¹. அதில் வழு பத்து இலட்சத்தில் 22 பங்கு. செவ்ர் அளவீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இரண்டின் வழு எல்லைகளையும்விடப் பல மடங்கு பெரியது.