பெங்களூர் ரோஸ் வெங்காயம்: கடல்வழி ஏற்றுமதி

பெங்களூர் ரோஸ் வெங்காயம் என்பது கர்நாடகத்தின் பெங்களூரு நகர்ப்புறம், பெங்களூரு ஊரகம், சிக்கபள்ளாப்பூர், கோலார் மாவட்டங்களில் விளையும் சிறிய, அடர்சிவப்பு வெங்காய வகை. கன்னடத்தில் குலாபி ஈருள்ளி என்பார்கள். 2015இல் புவிசார் குறியீடு பெற்றது. காரம் மிகுதி, அடி சற்றுத் தட்டையாக இருக்கும். விளையும் ஊரிலேயே இதை வாங்கிச் சமைப்பவர்கள் குறைவு. பெங்களூரு வீடுகளில் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம், மற்றதற்கெல்லாம் பெரிய வெங்காயம் என்று பழகிவிட்டது. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, இலங்கை ஆகிய நாடுகளின் அடுப்பங்கரைகளை நம்பித்தான் இது பயிராகிறது. கடலை விட்டு வெகு தொலைவு உள்ளே, சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டு நிலத்து உழவர்களின் வரவு செலவு ஒரு கப்பலின் கால அட்டவணையோடு பிணைந்திருக்கிறது.

பயணத்தின் தரம் வயலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு வரிசையாகக் கிடத்தி, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காய்களை மூடும்படி பரப்பி, வெயில் நேரடியாகப் படாமல் காய விடுகிறார்கள். மேல்தோல் சலசலக்கும் அளவுக்கு உலர வேண்டும். கழுத்து இறுக மூடிக்கொள்ள வேண்டும். கழுத்துப் பகுதியை விரல்களால் நசுக்கிப் பார்த்தால் ஈரம் தட்டுப்படக்கூடாது. அந்த ஈரத்தின் வழியேதான் பூஞ்சை உள்ளே நுழைகிறது. அதன் பிறகே தாளையும் வேரையும் அரிந்து, அளவு பிரித்து, வலைப்பைகளில் கட்டுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை இது. அரியும்போது கழுத்தை ஒட்ட வெட்டிவிட்டால் அத்தனை நாள் காய வைத்ததும் வீண். சிறிது விட்டுத்தான் வெட்ட வேண்டும்.

குளிரும் வெங்காயமும்

குளிர்ச்சி இருந்தாலே காய்கறி கெடாது என்ற பொது எண்ணம் வெங்காயத்திடம் செல்லாது. 0 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் அது உறங்கும். 25 முதல் 30 டிகிரி வரையிலான உலர்ந்த சூட்டிலும் உறங்கும். இரண்டுக்கும் நடுவே, குறிப்பாக 10 முதல் 20 டிகிரிக்குள், முளை கிளம்பிவிடும். அரைகுறைக் குளிர்தான் இதற்குப் பகை. கீரைக்கும் காரட்டுக்கும் ஈரக்காற்று வேண்டும்; வெங்காயத்துக்கோ ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வேர் விடும். வாடையோ பக்கத்துச் சரக்கில் ஏறிக்கொள்ளும். அதனால் ஆப்பிளோடும் முட்டையோடும் இதைச் சேர்த்து ஏற்றுவதில்லை.

இலங்கை போன்ற குறுகிய பயணத்துக்குச் சாதாரணக் கண்டெய்னரின் ஒரு கதவைத் திறந்து கட்டி, காற்றாட அனுப்புவதுண்டு. கதவை முழுக்க மூடிவிட்டால் வெங்காயம் விடும் மூச்சின் ஈரம் இரவில் தகரக் கூரையில் பட்டு வியர்த்து, மழைத்துளி போல மேல் மூட்டைகள் மீதே சொட்டும். நீண்ட பயணத்துக்கு ரீஃபர் எனப்படும் குளிர்பதனக் கண்டெய்னர் தேவைப்படுகிறது.

நாற்பதடி ரீஃபரின் தரை சமதளமாக இருக்காது. டி வடிவ அலுமினியப் பட்டைகள் நீளவாக்கில் ஓடும். முன்பக்கத்துக் குளிர்பதனப் பொறியிலிருந்து புறப்படும் காற்று அந்தப் பட்டைகளின் இடுக்கில் நுழைந்து, சரக்கின் ஊடே மேலேறி, கூரையை ஒட்டித் திரும்ப வருகிறது. உட்சுவரில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு பெட்டி அடுக்கினாலும் காற்று திரும்பும் வழி அடைபடும். ஏற்றும்போது இருக்கும் வெப்பநிலையைக் காப்பதற்கே இந்தப் பொறி செய்யப்பட்டது. வயல் சூட்டோடு சரக்கை உள்ளே தள்ளிவிட்டுப் பொறி பார்த்துக்கொள்ளும் என்று இருந்தால், துறைமுகம் வரைக்கும்கூடச் சூடு இறங்காது.

புதிய விளைபொருளுக்கும் உறைந்த சரக்குக்கும் உள்ள வேறுபாடு அடுக்குவதிலேயே தெரிந்துவிடும். காயும் பழமும் பறித்த பிறகும் மூச்சு விடுகின்றன. அந்த மூச்சே சூட்டைக் கிளப்புகிறது. எனவே பெட்டியின் துளைகள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வரும்படி வைத்து, காற்றைச் சரக்கின் உள்ளேயே ஓட விடவேண்டும். வெளிக்காற்றுக்கான துவாரமும் திறந்திருக்க வேண்டும். உறைந்த இறால் மூச்சு விடுவதில்லை. அதை இடைவெளி இல்லாமல் ஒரே கட்டியாக அடுக்கி, துவாரத்தை மூடி, சுற்றிலும் மட்டும் குளிர்காற்று ஓடச் செய்தால் போதும். மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே வைப்பார்கள். ஆவணத்தில் அந்த மைனஸ் குறி ஒன்று விடுபட்டால் ஒரு கண்டெய்னர் முழுவதும் குப்பைதான். இந்தத் தொழிலில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரவேண்டியது இதுதான் என்பேன்.

சென்னை வழி

இந்தியாவின் முதல் உள்நாட்டுக் கண்டெய்னர் முனையம் 1981இல் பெங்களூருவில் தொடங்கப்பட்டது. கடலில்லா ஊரிலேயே சுங்கச் சோதனை முடித்து, பெட்டியை முத்திரையிட்டு ரயிலில் துறைமுகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அது. இன்று ஒயிட்ஃபீல்டில் இந்தியக் கண்டெய்னர் கழகம் அந்தப் பணியைச் செய்கிறது. ரோஸ் வெங்காயத்துக்கு வாசல் பெரும்பாலும் சென்னைத் துறைமுகம்தான். ரீஃபர் சாலையில் போகும்போது அதன் பொறிக்கு ஜென்செட் எனப்படும் மின்னாக்கி ஒன்று மின்சாரம் தர வேண்டும். துறைமுகத்திலும் கப்பலிலும் அதற்கென உள்ள மின்முனைகளில் செருகிவிடுவார்கள். ஒன்றிலிருந்து கழற்றி அடுத்ததில் செருகும்வரை உள்ள இடைவெளிதான் பலவீனமான கண்ணி. சரக்கோடு தாவர நலச் சான்றிதழும் போக வேண்டும். அது இல்லாமல் பல நாடுகள் வெங்காயத்தை இறக்க விடமாட்டா.

சென்னைக்கும் கடல்வழிக் குளிருக்கும் உள்ள உறவு பழையது. 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு டியூடர் கம்பெனியின் பனிக்கட்டி கப்பலில் வந்தது. அதே வணிகத்துக்காக 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. சென்னைக்கு வெளியே, 1882இல் டனீடின் என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்திலிருந்து உறைந்த இறைச்சியை லண்டனுக்குக் கெடாமல் கொண்டு சேர்த்தபோது, உறைந்த உணவின் கடல் வணிகம் நிலைபெற்றது.

தடைகளும் விலக்குகளும்

ரோஸ் வெங்காயத்தை அதிகம் வாட்டியது புழுவோ பூஞ்சையோ அல்ல. உள்நாட்டில் பெரிய வெங்காயத்தின் விலை ஏறும்போது மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடையோ வரியோ போட்டுவந்தது. 2019 செப்டம்பர் 29இல் வந்த தடை இந்த வகையையும் சேர்த்தே பூட்டியது. அக்டோபர் 28இல் 9,000 டன் மட்டும், நவம்பர் இறுதிக்குள், சென்னை வழியாக அனுப்ப விலக்கு கிடைத்தது. 2020 செப்டம்பரில் மீண்டும் தடை. அக்டோபரில் ரோஸ் வெங்காயத்துக்கு 10,000 டன்னும், ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் வெங்காயத்துக்கு 10,000 டன்னும் அனுமதி, அதுவும் சென்னை வழியாக மட்டும். கர்நாடகத் தோட்டக்கலை ஆணையர் வகையையும் அளவையும் உறுதிசெய்து சான்று தர வேண்டும் என்பது நிபந்தனை.

உள்ளூர்ச் சந்தையில் விலைபோகாத வெங்காயத்தை நாட்டுக்குள் தேக்கி வைத்தால் பெரிய வெங்காயத்தின் விலை எப்படி இறங்கும்? விலக்கு வந்ததே இந்தக் கேள்வியின் நியாயத்தை அரசு ஒப்புக்கொண்டதற்குச் சான்று. ஆனால் தடைக்கும் விலக்குக்கும் இடையே ஓடிய நாட்களில், வலைப்பைக்குள் இருந்த வெங்காயம் முளை விட்டுக்கொண்டிருந்தது. அந்த நட்டம் உழவர் தலையில்தான் விழுந்தது. ஏற்றுமதிக்கென்றே விளையும் பயிருக்குத் தனி விதி முன்கூட்டியே இருந்திருக்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் வெங்காயத்துக்கு 40 விழுக்காடு ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. செப்டம்பர் 29இல், தோட்டக்கலை ஆணையரின் சான்றோடு செல்லும் ரோஸ் வெங்காயத்துக்கு அந்த வரி நீக்கப்பட்டது. மற்ற வெங்காயங்களுக்கான வரி 2024 செப்டம்பரில் 20 விழுக்காடாகக் குறைந்து, 2025 ஏப்ரல் 1 முதல் முற்றிலும் விலக்கிக்கொள்ளப்பட்டது.