இரும்பைவிடக் காகிதத்துக்கு விலை அதிகம்

புதுப்பித்த 1964 மாடல் போன்டியாக் ஜிடிஓ ஒன்று விற்பனைக்கு வந்தால், விவரம் தெரிந்த அமெரிக்கர் பானெட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே காகிதங்களைக் கேட்பார். பளபளக்கும் பெயின்டும் உறுமும் இன்ஜினும் கண்முன்னே இருக்கும்போது ஏன் இந்தச் சந்தேகம்? காரணம், அந்தக் கார் பிறந்த விதம்.

1963-ன் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை, தன் பிரிவுகள் எதுவும் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று கட்டளையிட்டது. பந்தய வெற்றிகளைச் சொல்லியே இளைஞர்களை இழுத்துவந்த போன்டியாக் பிரிவுக்கு அது பேரிடி. அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும், பில் காலின்ஸ், ரஸ் ஜீ ஆகிய சகாக்களும் நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காரைப் பார்த்தார்கள். அதில் 326 கன அங்குல வி8 இன்ஜின் இருந்தது. பெரிய போன்டியாக் கார்களில் ஓடிய 389 கன அங்குல இன்ஜினும் வெளி அளவில் ஏறக்குறைய அதேதான். அதே இடத்தில், அதே மவுன்டுகளில் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் அந்த அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று நிறுவன விதி இருந்தது. அதனால் ஜிடிஓவைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லேமான்ஸ் வாங்குபவர் ஏறத்தாழ 295 டாலர் சேர்த்துக் கொடுத்தால் கிடைக்கும் ஆப்ஷனாகப் பட்டியலில் நுழைத்தார்கள். ஐயாயிரம் கார் விற்றாலே பெரிது என்பது விற்பனைப் பிரிவின் கணிப்பு. முதல் ஆண்டில் போனவை 32,450. நடுத்தர உடலில் பெரிய இன்ஜினை வைத்த ‘மசில் கார்’ காலத்தைத் தொடங்கிவைத்த கார் இதுதான் என்று பலரும் சொல்வது மிகையல்ல.

அந்தத் தந்திரத்தின் விலையை இன்றைய வாங்குபவர் கொடுக்கிறார். 1964, 1965 கார்களில் பொறித்த அடையாள எண்ணைப் படித்தால் ஜிடிஓவா, சாதாரண லேமான்ஸா என்று தெரியாது. இரண்டுக்கும் ஒரே வரிசை. 1966-ல் ஜிடிஓ தனி மாடலான பிறகுதான் எண்ணிலேயே 242 என்ற அடையாளம் வந்தது.

1970-களில் இது யாருக்கும் கவலை தரவில்லை. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது; காற்று மாசுச் சட்டம் வந்தது; 1973-ல் எண்ணெய்த் தடை வந்தது. பெட்ரோலைக் குடிக்கும் இந்தக் கார்கள் பழைய கார் கடைகளில் மலிவாகக் கிடந்தன. பிறகு, அவற்றை இளமையில் ஆசைப்பட்டுப் பார்த்த தலைமுறையின் கையில் பணம் சேர்ந்தபோது விலை ஏறியது. கூடவே போலிகளும் வந்தன. ஒரு லேமான்ஸ், ஒரு 389 இன்ஜின், புதிதாக வார்த்த சின்னங்கள் போதும். ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அப்படி ஒரு நகலைக் கட்டுவது குற்றமல்ல, அழகான வேலைதான். அதை அசல் என்று விற்பதுதான் மோசடி.

போன்டியாக் பிரியர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு, தொழிற்சாலையின் பழைய பில் பதிவுகள் அழியாமல் தப்பியது. 1961 முதலான அந்தப் பதிவுகளை ஜிம் மேட்டிசன் நடத்திய போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் காத்தது. எண்ணை அனுப்பிக் கட்டணம் கட்டினால், அந்தக் கார் எந்த ஆப்ஷன்களோடு புறப்பட்டது என்ற நகல் கிடைக்கும். 1967 முதலான ஃபோர்டு கார்களுக்குக் கெவின் மார்ட்டி தரும் இதே போன்ற அறிக்கை இருக்கிறது. செவ்ரோலே வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் இல்லை. அவர்கள், தொழிற்சாலையில் ஆப்ஷன்களைக் குறித்து பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒட்டிய தாளைத் தேடுகிறார்கள். கிறைஸ்லர்காரர்கள் சீட் ஸ்பிரிங்குகளுக்கு அடியில் தேடுகிறார்கள். தொழிலாளிகள் வேலை முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டுப்போன அந்தக் கசங்கிய தாள், கிறைஸ்லரின் ஹெமி இன்ஜின் கொண்ட ஒரு காரின் மதிப்பையே மாற்றிவிடும்.

பட்டறை வேலையும் இதற்கேற்ப மாறியது. இரும்புக் கம்பியில் கோத்த இறைச்சியைச் சுழற்றுவதுபோல் பாடியை ஒரு சட்டத்தில் மாட்டித் திருப்பித் திருப்பி, அடிப்பக்கம்வரை துருவை நீக்கி டிங்கரிங் செய்கிறார்கள். சிறந்த கைகாரர்கள் அதோடு நிற்பதில்லை. தொழிற்சாலைப் பரிசோதகர் சாக்பீசால் போட்ட கிறுக்கல்களைக்கூட அதே இடத்தில் மீண்டும் எழுதுகிறார்கள். இந்தப் பொறுமை வியக்கத்தக்கது. ஆனால் 1964-ல் எந்தத் தொழிற்சாலையும் தராத அளவுக்கு மினுமினுக்கும் பெயின்டைப் பூசுவது வரலாற்றுக்குச் செய்யும் தவறு என்றே சொல்ல வேண்டும்.

சந்தையும் மினுமினுப்பைவிட அசல் நிலையின் பக்கம் சாயத் தொடங்கியிருக்கிறது. 2014 ஜனவரியில், அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் நடந்த பாரெட்-ஜாக்சன் ஏலத்தில், மொத்தமே 20 செய்யப்பட்ட 1967 கார்வெட் எல்88 வகையில் புதுப்பித்த கார் ஒன்று 38.5 லட்சம் டாலருக்குப் போனது. 2020 ஜனவரியில், ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமியில் நடந்த மீகம் ஏலத்திலோ, ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங், கீறலும் துருவும் மங்கிய பச்சை பெயின்டுமாகவே 37.4 லட்சம் டாலர் பெற்றது. இப்போது ஜிடிஓ விற்பவர் பில் நகலோடு, பிரிப்பதற்கு முன் எடுத்த படங்களையும், இன்ஜின் பிளாக்கில் பொறித்த குறியீட்டின் படத்தையும் சேர்த்தே நீட்ட வேண்டியிருக்கிறது. மூன்று கார்புரேட்டர், கையால் மாற்றும் கியர் கொண்ட 1964 இன்ஜின் என்றால் அங்கே 76எக்ஸ் என்றிருக்க வேண்டும்.