பாதிக் கட்டணம்: ரீடெய்னரும் அதன் மறுசெலவும்

கம்பி கட்டிப் பல்வரிசையைச் சீர்செய்யும் சிகிச்சை முடிந்தபின், இடம் மாற்றப்பட்ட பற்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடாமல் தடுப்பதற்காக அணியப்படும் கருவி ரீடெய்னர் எனப்படும். அது தொலைந்தாலோ உடைந்தாலோ புதிதாகச் செய்துகொள்ளும் செலவு நோயாளியுடையது என்பது இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிகிச்சை ஒப்பந்தத்தின் ஏதோவொரு மூலையில் அச்சிடப்பட்டிருக்கும் ஒற்றை வரி. ஆனால் அந்த வரி அங்கே வந்து சேர்வதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

பற்களை நகர்த்தும் கலையைத் தனித் துறையாக நிறுவிய எட்வர்ட் ஆங்கிள், 1900இல் செயின்ட் லூயிஸ் நகரில் அதற்கெனப் பள்ளி தொடங்கியபோது, மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் முறையாகப் பொருந்திக் கடிக்கத் தொடங்கிவிட்டால் தாடை எலும்பு அந்த நிலைக்கேற்பத் தானே வளர்ந்து அவற்றைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினார். இந்த நம்பிக்கையின்படி ரீடெய்னர் என்பது எலும்பு இறுகும் வரைக்குமான தற்காலிக முட்டு மட்டுமே. ஆகவே அதன் விலை சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடங்கியதாகவும், அதன் காவல் மருத்துவரின் கடமையாகவும் கருதப்பட்டதில் வியப்பில்லை. அந்தக் கடமை எவ்வளவு பாரமாக இருந்தது என்பதற்குச் சார்லஸ் ஹாலியின் பெயரில் வழங்கிவரும் ஒரு கூற்றே சான்று: சிகிச்சை முடிந்த நோயாளிகளை ஏற்றுக்கொண்டு, அவர்களது பல்வரிசை குலையாமல் காக்கும் பொறுப்பை எவரேனும் எடுத்துக்கொள்வாரானால், தமது கட்டணத்தில் பாதியை மனமுவந்து கொடுத்துவிடத் தயார் என்று அவர் சொன்னாராம். பல்லை நகர்த்தும் வேலைக்கும் நகர்ந்த பல்லை நிறுத்தும் வேலைக்கும் சம விலை வைத்த இக்கூற்றை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொள்வதைவிட, ஒரு நேர்மையான கணக்காக எடுத்துக்கொள்வதே பொருந்தும்.

அந்த ஹாலிதான் கழற்றி மாட்டக்கூடிய ரீடெய்னரை 1919இல் விவரித்து வெளியிட்டவர். மேலண்ணத்தை ஒட்டிப் படியும் ஒரு தட்டு, அதிலிருந்து புறப்பட்டு முன்பற்களின் வெளிப்பக்கமாக ஒரு கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல் வரை ஓடும் ஒரு கம்பி, அக்கம்பியின் இருமுனையிலும் குறட்டால் நெருக்கியோ விரித்தோ இறுக்கத்தை மாற்றிக்கொள்ள உதவும் வளைவுகள் என்ற அந்த அமைப்பு அடிப்படையில் மாறாமல் இன்றும் அவர் பெயராலேயே செய்யப்படுகிறது. மாறியது தட்டின் பொருள். செலவின் வரலாறும் அதிலிருந்தே தொடங்குகிறது.

தொடக்கக் காலத் தட்டுகள் வல்கனைட் என்னும் கெட்டி ரப்பரால் ஆனவை. ரப்பரோடு கந்தகத்தைக் கூடுதலாகச் சேர்த்து வேகவைத்தால் அது கொம்புபோல் இறுகும் என்ற உத்திக்கு நெல்சன் குட்இயர் 1851இல் காப்புரிமை பெற்றிருந்தார். வாயின் அச்சை எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு செய்து, அதன்மேல் மெழுகில் தட்டை வடித்து, உலோகப் பெட்டிக்குள் பிளாஸ்டரோடு புதைத்து, மெழுகை உருக்கி அகற்றிய இடத்தில் ரப்பரைத் திணித்து, நீராவிக் கலனில் 160 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவிட வேண்டும். தங்கத் தட்டோடு ஒப்பிட்டால் இது மிக மலிவான வழியாதலால் பொய்ப்பல் கட்டும் மருத்துவர்கள் பலரும் இதற்கு மாறியிருந்த வேளையில், ஜான் கம்மிங்ஸ் என்பவருக்கு 1864இல் வல்கனைட் பல்தட்டுக்கான காப்புரிமை வழங்கப்பட்டது. அதை வாங்கிய குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி, நாடெங்கும் உள்ள பல் மருத்துவர்களிடம் உரிமக் கட்டணம் கேட்டு வழக்குமேல் வழக்குத் தொடுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அக்காப்புரிமை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கம்பெனியின் பொருளாளராக இருந்து இவ்வழக்குகளை விடாப்பிடியாக நடத்திய ஜோசையா பேக்கன், 1879 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். காப்புரிமை 1881இல் காலாவதியானபின் வல்கனைட் எவரும் தடையின்றிப் பயன்படுத்தும் பொருளாயிற்று. ஹாலியின் தட்டு இந்த விடுதலைக்குப் பிந்தியது. அவர் தம் கருவியை விவரித்த காலத்தில் உலகச் சந்தைக்கு வந்த ரப்பரில் பெரும்பகுதி மலாயா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் தோட்டங்களில் வடித்ததாகும். முதலிரு நாடுகளிலும் அந்த ரப்பர்ப் பாலை வடித்தவர்களுள் தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையினர் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

1937இல் பல் மருத்துவத்துக்குள் நுழைந்த அக்ரிலிக், வல்கனைட்டைச் சில ஆண்டுகளிலேயே வெளியேற்றியது. அக்ரிலிக் தட்டில் விரிசல் கண்டால் அதே பிசினைக் குழைத்து ஒட்டலாம். கம்பி ஒடிந்தால் வேறு கம்பி பதிக்கலாம். பழுதுபார்க்கக்கூடிய பொருள் என்ற இந்தத் தன்மையால்தான், கவனமாக வைத்துக்கொண்டவர்களிடம் ஹாலி ரீடெய்னர் பல ஆண்டுகள் உழைத்தது.

இதற்கிடையில் ஆங்கிளின் நம்பிக்கை ஆட்டங்கண்டது. நார்வே ஆய்வாளர் காரே ரைட்டான், நகர்த்தப்பட்ட பற்களைச் சுற்றியுள்ள திசுக்களை நாய்களில் சோதித்து, எலும்புக்குள் இருக்கும் இழைகள் சில மாதங்களில் புது நிலைக்கு இணங்கிவிட்டாலும், ஈறில் உள்ள மீள்தன்மை வாய்ந்த இழைகள் 232 நாள் கழிந்தும் முறுக்கு விடாமல் பல்லைப் பழைய பக்கத்துக்கே இழுத்துக்கொண்டிருந்ததைக் காட்டினார். அதைவிடப் பெரிய அடி வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே ராபர்ட் லிட்டிலும் ரிச்சர்ட் ரீடலும் பிறரும் சேர்ந்து, ரீடெய்னரை நிறுத்திப் பத்தாண்டுகள் கடந்த 65 பேரின் பல் வார்ப்புகளை அளந்து 1981இல் வெளியிட்ட முடிவின்படி, கீழ் முன்பற்கள் ஏற்கத்தக்க ஒழுங்கில் நின்றது அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானோரிடமே. ரீடெய்னரை நிறுத்தி இருபதாண்டு ஆனபின் மீண்டும் அளந்தபோது அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. எவருடைய பல் நிற்கும், எவருடையது நகரும் என்பதை முன்கூட்டிச் சொல்லவும் வழி தென்படவில்லை. பல்வரிசை குலையாமல் இருக்க வேண்டுமானால் வாழ்நாள் முழுவதும் ரீடெய்னர் அணிய வேண்டும் என்ற அறிவுரை இந்த ஆய்வுகளின் வழியே வலுப்பெற்றது. மருத்துவ நோக்கில் இது நியாயமான முடிவு. ஆயினும் பணத்தின் நோக்கில், முடிவுத் தேதி உள்ள ஒரு கடமை முடிவற்றதாக மாறிய கணத்தில் அது மருத்துவரின் கையிலிருந்து நழுவி நோயாளியின் கைக்குப் போய்ச்சேர்ந்தது.

பல்லின் உட்பக்கத்தில் மெல்லிய கம்பியை ஒட்டிவிடும் நிலையான முறை, நார்வேயின் பியோர்ன் சாக்ரிசன் 1977இல் விவரித்தபின் பரவியது. இதில் தொலைந்துபோகும் கவலை இல்லை, ஆனால் ஒட்டு விட்டுப்போனதை நோயாளி அறியாமலே பல் நகர்ந்துவிடும் கவலை உண்டு. லூசியானாவின் ஜான் ஷெரிடன் 1993இல் அறிமுகப்படுத்திய எசிக்ஸ் என்னும் ஒளிபுகும் ரீடெய்னரோ, சூடாக்கி இளக்கிய பிளாஸ்டிக் தாளை வார்ப்பின்மேல் காற்றழுத்தத்தால் படியவைத்து, ஓரத்தை வெட்டி எடுப்பது. கம்பி வளைக்கும் கைத்திறன் தேவைப்படாததால் செய்கூலி குறைந்தது. வெளியே தெரியாததால் இளைஞர்களுக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் இத்தாள் வெந்நீரில் அலசினால் கோணிவிடும். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களிடம் விரைவில் தேய்ந்து ஓட்டை விழும். விரிசல் விட்டால் ஒட்டவும் முடியாது. நிரந்தரப் பயன்பாட்டை முன்னிறுத்தி வந்த கருவி சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்றப்பட வேண்டிய பொருளால் ஆனதாக அமைந்ததே இச்செலவு வளர்ந்ததற்குத் தலையாய காரணம். தொலைவதும் எளிது: சாப்பிடும்போது கழற்றிக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி வைத்து, எச்சிலோடு குப்பையில் கொட்டிவிடும் மாணவர்களைப் பற்றி அறியாத பல் மருத்துவரே இல்லை எனலாம்.

அரசும் காப்பீடும் இச்செலவைத் தங்கள் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, பல் நகர்த்தும் சிகிச்சை முடிந்து ஓராண்டு வரைதான் ரீடெய்னர் மேற்பார்வையைத் தன் செலவில் ஏற்கிறது. கருவி தொலைந்தால், மற்றபடி கட்டண விலக்குப் பெற்ற சிறுவர்களும்கூட, மூன்றாம் நிலைப் பல் சிகிச்சைக்கு விதிக்கப்பட்ட கட்டணத்தில் 30 விழுக்காடு செலுத்த வேண்டும்; 2006இல் அக்கட்டணம் 189 பவுண்டாகவும் 2024இல் 319 பவுண்டாகவும் இருந்ததால், இழந்த ஒரு கருவியின் விலை சுமார் 57 பவுண்டிலிருந்து 96 பவுண்டாக ஏறியது. அமெரிக்கக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவும் பல்வரிசைச் சீரமைப்புக்கு வாழ்நாள் உச்சவரம்பு ஒன்றை வைத்து, அது பெரும்பாலும் கம்பி கட்டும் கட்டத்திலேயே தீர்ந்துபோகும்படி விட்டுவிட்டு, தொலைந்த கருவிக்கு ஈடு கிடையாது என்றும் தனியே எழுதிவைத்திருக்கின்றன.

விலைச்சீட்டில் தெரியாத செலவும் உண்டு. ரீடெய்னரைத் தொலைத்தவர் உடனே வந்தால் பழைய வார்ப்பிலேயே புதியதைச் செய்துவிடலாம். மாதங்கள் கடந்து வந்தால் பற்கள் நகர்ந்திருக்கும், ஆகவே புதிய அச்சு எடுக்க வேண்டும், சில வேளை சிகிச்சையையே ஓரளவு திரும்பச் செய்ய வேண்டும். வாயைக் கணினிக் கருவியால் வருடிப் பதிவெடுத்து, வார்ப்பை முப்பரிமாண அச்சுப்பொறியில் உருவாக்கும் முறை வந்தபின் பிளாஸ்டர் வார்ப்பு உடைந்துபோகும் சிக்கல் தீர்ந்தது. ஒரே பதிவிலிருந்து மூன்று நான்கு ரீடெய்னர்களைச் சேர்த்துச் செய்து கொடுப்பதும், ஆண்டுச் சந்தா பெற்றுக்கொண்டு மாற்று அனுப்புவதும் வழக்கத்துக்கு வந்துள்ளன. அப்பதிவு மருத்துவமனையின் கணினியில் இருக்கிறது. ஊர் மாறிச் சென்றவர் அதைக் கேட்டுப் பெற்றால் புது ஊரின் ஆய்வகத்துக்கு ரீடெய்னரின் கூலி மட்டும் கொடுத்தால் போதும். பெறாதவர் பதிவுக்கான கட்டணத்தையும் சேர்த்தே கட்டுகிறார்.