மேசைப் போரும் சப்பிரகமுவ இறப்பரும்

போரை மேசைமீது நிகழ்த்திப் பார்க்கும் வழக்கம் பழைமையானது. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் காய்களாக்கிச் சதுரங்கம் கண்டனர் பண்டை இந்தியர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பிரசிய நாட்டின் றைஸ்விற்ஸ் என்னும் தந்தையும் மகனும் அத்தகைய விளையாட்டொன்றைப் படை அதிகாரிகளின் பயிற்சிக் கருவியாக வளர்த்தனர். 1824இல் மகன் வெளியிட்ட விதிகளில் நிலப்படமும் தாயக்கட்டையும் இன்றியமையா இடம்பெற்றன. ஆங்கில எழுத்தாளரான எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட நூலொன்றின் மூலம், பொம்மைப் போர்வீரரைக் கொண்டு வீட்டிலே ஆடும் முறையைப் பொதுமக்களுக்கு அறிமுகஞ் செய்தார். இவ்வழியில் வளர்ந்த இன்றைய சிற்றுருவப் போர் விளையாட்டிலே பெரிதும் விரும்பப்படுவன இரண்டாம் உலகப் போர்க்கால யுத்த தாங்கிகளாகும்.

ஒன்றற்கொன்று மாறுபட்ட தாங்கிகளை எதிரெதிரே நிறுத்துவதிலேயே இவ்விளையாட்டின் சுவை தங்கியுள்ளது. ஜேர்மனியின் ‘டைகர்’ ஏறத்தாழ 57 தொன் நிறையுடையது. முன்புறக் கவசம் 100 மில்லிமீற்றர். பீரங்கி 88 மில்லிமீற்றர். அமெரிக்காவின் ‘ஷேர்மன்’ தாங்கியோ ஏறத்தாழ 30 தொன் நிறையும் 75 மில்லிமீற்றர் பீரங்கியும் கொண்டது. தனித்து நின்று பொருதின் ஷேர்மன் டைகருக்கு ஈடாகாது. ஆயினும் டைகர் தாங்கிகள் ஏறத்தாழ 1,350 மாத்திரமே செய்யப்பட, ஷேர்மன் தாங்கிகள் 49,000 வரையிலும், சோவியத்தின் ‘டி-34’ தாங்கிகள் 50,000க்கு மேலாகவும் செய்யப்பட்டன. இவ்வேறுபாட்டை ஆட்டத்திற் கொணரும் பொருட்டு, வலிய தாங்கிக்குக் கூடிய புள்ளி விலை விதிக்கப்படுகின்றது. ஒரு டைகரை வாங்கும் விலையில் எதிராளி ஷேர்மன்கள் பலவற்றை நிறுத்தலாம். இவ்வாறு தொகையும் தரமும் ஒருவாறு சமன் செய்யப்படுகின்றன.

எனினும் பீரங்கி, கவசம், வேகம், புள்ளி விலை என்னும் நான்கினுள்ளே தாங்கியின் வரலாறு அடங்கிவிடுவதில்லை. சிற்றுருவத்தின் சில்லுகளை நோக்குவோர்க்கு வேறொரு செய்தி புலப்படும். 1941இல் ஜேர்மனியப் படையெடுப்பினால் இறப்பர்த் தட்டுப்பாடு நேரவே, சோவியத் தொழிற்சாலைகள் சில டி-34 தாங்கிக்கு உருக்கு விளிம்புச் சில்லுகளைப் பொருத்தலாயின. அவை ஓடும்போது எழுந்த பேரிரைச்சலையும் அதிர்வையும் தணிப்பதற்காகப் பக்கத்துக்கு ஐந்தாகிய சில்லுகளுள் முதலாவதையும் ஐந்தாவதையும் மட்டும் இறப்பர் விளிம்புடன் அமைப்பதும் உண்டு. 1944இன் தொடக்கத்தில் டைகரும் இறப்பர் விளிம்பைக் கைவிட்டு உருக்குச் சில்லுக்கு மாறியது. ஷேர்மனின் சங்கிலிப் பட்டைகளில் இறப்பர்க் கட்டை பதித்தவையும் முழு உருக்கினால் ஆனவையும் இருந்தன. ஆகவே, சிற்றுருவம் செய்வோர் தாங்கியின் காலத்தைக் கணிக்க உதவும் அடையாளங்களுள் சில்லும் ஒன்றாகும். அவ்வடையாளம் உணர்த்துவதோ இறப்பரின் பற்றாக்குறையை.

அப்பற்றாக்குறையே சப்பிரகமுவத் தோட்டங்களை உலகப் போருடன் பிணைத்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமாயின. உலக இயற்கை இறப்பர் விளைவில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளின் கையைவிட்டு நீங்கிற்று. எஞ்சிய மூலங்களுள் மிகப் பெரியது இலங்கை. அமெரிக்கா செயற்கை இறப்பரைப் பெருமளவில் ஆக்கத் தொடங்கியதாயினும், பாரம் மிகுந்து ஓடுகையில் அது விரைவாகச் சூடேறும் இயல்பினது. எனவே கனரகச் சில்லுகளுக்கு இயற்கை இறப்பரைக் கலத்தல் அவசியமாயிற்று.

1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து இலங்கையிற் பரவிய இறப்பர், களுத்துறையிலும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலும் வேரூன்றியிருந்தது. போர்க்காலத்தில் இலங்கை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஓரிலட்சம் தொன் இறப்பரை அளித்தது. இதற்கென, மரத்தின் ஆயுளைப் பொருட்படுத்தாது கடுமையாகப் பால்வெட்டும் முறை ஊக்குவிக்கப்பட்டது. வெயில் ஏறுமுன் கத்தியும் வாளியும் ஏந்தி, இருநூறு முந்நூறு மரங்களுக்கு ஒருவராகச் சரிவுகளில் ஏறியிறங்கி, சிரட்டையிற் சொட்டிய பாலைச் சேர்த்தவர் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அயற்கிராமங்களின் சிங்களத் தொழிலாளருமாவர். 1939இல் இந்திய அரசு விதித்த தடையினால் இந்தியாவிலிருந்து புதிய தோட்டத் தொழிலாளர் வரவு நின்றிருந்தது. 1942இல் பர்மாவும் வீழ்ந்தமையால் அரிசி வரத்துத் தடைப்பட்டுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. சோறு குறைந்த காலத்திலேதான் பால் மிகுதியாக வேண்டப்பட்டது.

இந்தத் தாங்கியின் சில்லில் இந்தத் தோட்டத்துப் பால் உள்ளது எனச் சுட்டிக்காட்டுதல் இயலாது. ஆனால் நேச நாடுகளின் போரியந்திரம் ஓடுவதற்கு இம்மலைச்சரிவுகளின் உழைப்பு வேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை. அதன் விலையை மரமும் மனிதரும் செலுத்தினர். போர் முடிந்தபோது தோட்டங்கள் பல நலிந்த மரங்களுடன் நின்றன. 1953இல் மீள்நடுகை மானியத் திட்டம் தொடங்கப்படலாயிற்று. மரத்துக்கு மானியம் கிட்டியது. அம்மரத்தை வெட்டிய இந்திய வம்சாவளித் தமிழருட் பெரும்பாலோரையோ, அதற்கு முன்னரே 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியிருந்தது. அக்குறை சட்டத்தால் முற்றாகத் தீர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

மேசைப் போர் வரலாற்றுணர்வை வளர்க்கும் நல்லதொரு சாதனமென்பதை மறுத்தற்கில்லை. ஒரு தாங்கியை மற்றொன்றுடன் ஒப்பிடுவோர் கவசத்தின் தடிப்பை அறிவதுடன் அமையாது, சில்லின் விளிம்பில் இறப்பர் ஏன் இருந்தது, ஏன் இல்லாது போயிற்று என்றும் வினவுவாராயின், அவ்வினா அவர்களைக் கேகாலையின் லயன் அறைகள் வரை இட்டுச் செல்லும். தளபதிகளின் பெயரால் எழுதப்பட்ட போர் வரலாற்றிலே பால்வெட்டியவர்க்கும் ஓர் அதிகாரம் உண்டு. அதனை எழுதுதல் இந்நாட்டு வரலாற்று மாணவரின் கடனாகும்.